வாசலில் ஒரு சிமெண்டுக் குடை

திண்டிவனத்தில் எங்கள் வீடு கட்டி முடிந்தபோது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. மிஞ்சிவிட்டது என்பது பெரியப்பாவின் சொல். அப்பா அதைத் தோட்டம் என்றார். உண்மையில் அங்கே இருந்தது உடைந்த செங்கல், கொத்தனார் விட்டுப்போன மணல் மேடு, என் முழங்கால் உயரத்தில் ஒரு வேப்பங்கன்று, இவ்வளவுதான். பாண்டிச்சேரி சாலையிலிருந்து பிரிந்து வரும் எங்கள் தெருவில் அப்போது வீடுகள் குறைவு, மரங்கள் அதைவிடக் குறைவு. காலையில் வந்து உட்காரும் வெயில் சாயங்காலம்தான் எழுந்து போகும்.

அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை. காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த இடத்தில் போய் இடுப்பில் கையூன்றி நிற்பார். மறுநாள் ஒரு ரோஜாக் கன்று வரும். அடுத்த வாரம் நந்தியாவட்டை. பிறகு கனகாம்பரம், ஓரமாகக் குரோட்டன்ஸ். செடிகளெல்லாம் வேர் பிடித்துத் துளிர்க்கத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார்.

"இங்க உக்கார ஒரு நெழலு வேணும். நல்லதா, பாக்க லட்சணமா, ஏதாவது ஒண்ணு கட்டணும்."

"உக்காரத்தான் உள்ள வூடு கட்டியிருக்குதே" என்றாள் அம்மா. அப்பா வீட்டின் பின்பக்கமாகப் பார்த்தார். அங்கே கிணற்றடியில் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் பாப்பா. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தவள், அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பாக ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பு. ரெஸ்ட் என்றால் காய்ச்சல் வந்தவர்கள் எடுப்பது என்று தெரியும். அத்தைக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் ரெஸ்ட் எவ்வளவு நாள் நீள்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் எனக்கு இருந்தது. அவள் எனக்குத் தலை வாரினால் வலிக்காது. கணக்குச் சொல்லிக்கொடுத்தால் குட்டு விழாது.

இன்னொரு காரணமும் உண்டு. அத்தை என்னோடு ஓர் ஆட்டம் ஆடுவாள். நான் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். கேட்டைத் திறந்துகொண்டு யாராவது வந்தால், "அத்தை, ஆளு!" என்று கத்த வேண்டும். கூடத்தில் இருக்கும் அத்தை அந்த ஆள் படியேறுவதற்குள் சமையலறைக்குள் மறைந்துவிட வேண்டும். பால்காரருக்கும் மறைவாள், எதிர்வீட்டுக்காரம்மாவுக்கும் மறைவாள். ஒருதடவைகூட அவள் பிடிபட்டதில்லை. இப்படிப்பட்ட ஆட்டக்காரி எங்கள் வகுப்பில் யாருக்கும் அத்தையாக இல்லை என்பதில் எனக்கு நிரம்பப் பெருமை.

ஒருமுறை விழுப்புரத்திலிருந்தே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அத்தையைக் கட்டிய மாமாவின் அண்ணன். மற்றவர் யாரென்று தெரியாது, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் கனத்த மீசையுமாக இருந்தார். கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார் அப்பா. விருந்தாளி வந்தால் முதலில் நாற்காலி போட வேண்டும், பிறகு தண்ணீர் கொடுக்க வேண்டும், பிறகுதான் பேச்சு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள், அப்பா அதைவிடத் தணிந்த குரலில் பேசினார். என்னைப் பிஸ்கட் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவள் கண்கள் சிவந்திருந்தன. பிஸ்கட் முழுக்க எனக்கே கிடைத்தது.

நிழலுக்கு என்ன கட்டுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

பெரியப்பா கண்டமங்கலத்தில் பயிர் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, பஸ் ஏறி வந்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "நாலு சவுக்குக் கழி நட்டு மேல கீத்து போட்டா பந்தல். ஓரத்துல ரெண்டு அவரைக் கொட்டை ஊனிவுட்டா அதும்பாட்டுக்கு ஏறிக்கும். நெழலும் ஆச்சி, கொழம்புக்கும் ஆச்சி. இதுக்குப் போயி இன்னாத்துக்குடா மண்டைய ஒடைச்சிக்கினு கெடக்கற?"

அம்மாவுக்குக் கேட்டுக்கு மேலே இரும்பில் வளைவு வைத்து முல்லை ஏற்ற ஆசை. திண்டிவனத்திலேயே யாரோ ஓர் அதிகாரி வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "வளைவுக்குக் கீழ எத்தினி பேரு உக்காருவாங்க?" என்று அப்பா கேட்டார். "உக்காருவாங்களா? நடப்பாங்க" என்றாள் அம்மா. "அப்புறம் அது நெழலா?" என்றார் அப்பா. அம்மாவின் வளைவு அத்தோடு விழுந்தது.

அப்பாவின் திட்டத்துக்குப் பெயர் கொடிவீடு. தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்துகொண்டே இருப்பார். நான்கு மரக்கால்கள். கால்களுக்கு நடுவில் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி. தட்டி முழுக்க அடர்ந்த கொடி. மேலே ஓட்டுக் கூரை, உள்ளே ஒரு பெஞ்சு. நுழையும் வழி வீட்டுப் பக்கமாகத்தான் இருக்கும். தெருப் பக்கம் அடைப்பு.

"காத்து வரும். வெளியில நடக்கறதெல்லாம் தட்டி சந்துல தெரியும். வெளியிலேர்ந்து பாக்கறவனுக்குச் செடிதான் தெரியும், ஆளு தெரியாது" என்று அம்மாவுக்கு விளக்குவார். நான் எட்டிப் பார்த்து, "கோழிக்கூண்டு மாதிரி இருக்குதுப்பா" என்றேன். அம்மா சிரிப்பை அடக்கினாள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. தாளை இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ரப்பரால் எதையோ அழித்துப் பிளாச்சுகளை இன்னும் நெருக்கமாக வரைந்தார்.

கட்டுவதற்கு முன்னால் நேரில் ஒன்றிரண்டைப் பார்த்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். அத்தை வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். பெரியப்பா மட்டும் அங்கே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். பூங்காவில் அப்பா தேடியதைப் போலவே ஒரு கொடிவீடு இருந்தது. நீல நிறப் பூ பூக்கும் ஏதோ கொடி அதை மூடியிருந்தது. அப்பா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அம்மாவை வெளியே நடக்கச் சொன்னார்.

"தெரியறனா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியலைங்க."

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போ. இப்ப?"

"இப்பயும் தெரியலைங்க."

அப்பாவும் ஆட்டம் ஆடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வேட்டி தெரியுதுப்பா!" என்று கத்தினேன். அப்பா உடனே வெளியே வந்து, எந்த இடத்திலிருந்து பார்த்தாய், எவ்வளவு தெரிந்தது என்று வெகு அக்கறையாகக் கேட்டார். அவ்வளவு அக்கறையை அவர் என் மார்க்குகளில்கூடக் காட்டியதில்லை.

அங்கிருந்து திரும்பும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். புல்தரையின் நட்டநடுவில் ஒரு சிமெண்டுக் குடை. ஒற்றைத் தண்டு, மேலே கவிழ்ந்த கிண்ணம்போல் கூரை, விளிம்பில் அலை அலையாக வளைவு. சிவப்புச் சாயம், மேலே வெள்ளைப் பொட்டுகள். தண்டைச் சுற்றி உட்கார மேடை. எந்தப் பக்கமும் சுவர் இல்லை, தட்டி இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். பூங்கா முழுவதும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எழுந்து வர மறுத்துவிட்டேன்.

"மழை வுட்டா இத்த மடக்கி எடுத்துக்கினு போலாமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா தானே சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "இது ஆவாது கண்ணு. நாலு பக்கமும் தொறந்து கெடக்குது" என்றார். அதனால்தானே அது நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் கிணற்றடியில் அத்தையிடம் முறையிட்டேன். ஈரமண்ணில் குச்சியால் குடையை வரைந்து காட்டினேன். அத்தை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சுத்தி ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல அத்தை."

"அதுல உக்காந்தா ரோடு தெரியுமா?"

"நல்லா தெரியும். ரோட்டுல போறவங்களுக்கும் நம்மளத் தெரியும். நீ கை காட்டுனா அவங்களும் கை காட்டுவாங்க."

அத்தை அந்தக் கோட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தாள். படத்தின் மேல் ஊற்றப்போகிறாள் என்று நான் பயந்தேன். சுற்றி வந்து அப்பால் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பஸ்ஸில் வரவில்லை. டயர் வண்டியில் சவுக்குக் கழிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் அவரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி படம் வரைந்து முடிப்பதற்குள் தங்கை கிழவியாகிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே கழிகளை வாசலில் இறக்கினார். அப்பா தம் காலண்டர் தாளோடு வெளியே வந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பேச்சு வளர்ந்தது.

"பந்தல் போட்டா ரோட்டப் பாத்த பக்கம் தொறந்து இருக்கும்ண்ணா. ஒரு தட்டி வச்சி மறைச்சா பந்தலோட அழகே போயிடும்" என்றார் அப்பா.

"அப்ப பின்னாடி கெணத்தாண்ட போடு. அங்க எவன் வந்து பாக்கப்போறான்?"

"பின்னாடியேதான் கெடக்குது அது. கொஞ்சம் முன்னாடி வந்து காத்தாட உக்காரட்டும்னுதான் இவ்வளவு யோசிக்கறேன். யாருக்காகச் செய்யறோம்..." என்று தொடங்கிய அப்பா, நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"எனக்காகத்தான?" என்று நான் கேட்டேன். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது அத்தை சமையலறைக் கதவைத் தாண்டி வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அண்ணன்கள் இருவரும் உட்கார்ந்து பேசும்போது அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

"எனக்குக் கொட வேணும்ண்ணா" என்றாள்.

"எந்தக் கொடைம்மா?" என்றார் அப்பா.

"பாப்பா சொல்லுதே, அந்த சிமெண்டுக் கொட." பெரியவர்களுக்கெல்லாம் பாப்பாவாக இருந்தவள் என்னைப் பாப்பா என்றாள். "நாலு பக்கமும் தொறந்திருக்குதே, அதான் வேணும்."

பெரியப்பா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "தெரியாம பேசற நீ. அதுல போயி உக்காந்தா போற வர்றவன் அத்தினி பேரும் திரும்பிப் பாப்பான். பாத்துட்டுச் சும்மாவா போவான்? ஒரு வார்த்த கேப்பான்."

"கேக்கட்டும்ண்ணா. நான் இன்னா எதையாவது திருடிக்கினா வந்தேன்?"

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா காலண்டர் தாளை நான்காக மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் அவர் எத்தனை சாயங்காலங்களைச் செலவழித்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இல்லை. "சரிம்மா. கொடையே வச்சிருவோம்" என்றார்.

நான் குதித்தேன். என் அழுகை வென்றுவிட்டது. என் கட்சிக்கு அத்தை வந்து ஓட்டுப் போட்டுவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டேன். கரண்டியிலிருந்த சாம்பார் என் பாவாடையில் சொட்டியது. அம்மா அதற்குக்கூடத் திட்டவில்லை.

கிளியனூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். வீடு கட்டியிருக்கிறார், தொட்டி கட்டியிருக்கிறார், குடை கட்டியதில்லை. அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, "கட்டிடலாங்க. ஆனா கவுத்துப்போட்ட தொட்டி மாதிரி ஆயிடிச்சின்னா என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று முதலிலேயே பேசிக்கொண்டார். பெரியப்பாவின் சவுக்குக் கழிகள் வீணாகவில்லை. சாரத்துக்கு அவைதான் நின்றன. பந்தல்தான் சரி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே பெரியப்பா ஊருக்குப் போகாமல் எங்களோடு தங்கி, கம்பி வளைக்கவும் கலவை எடுத்துக் கொடுக்கவும் செய்தார். அறுவடை முடிந்த சமயம் என்றார். பக்கத்து நிலங்களில் அறுவடை நடந்துகொண்டிருந்ததாகப் பின்னாளில் பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குடை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, காற்றில் ஒதுங்கியதுபோல் அமைந்துவிட்டது. கொத்தனார் அதை எல்லாப் பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, உண்மையான குடை அப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் போகும்போது சிமெண்டு காயக் கூடாது, ஈரச் சாக்குப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பாசஞ்சர் பிடிக்க ஓடுகிறவர். அம்மாவுக்கு ஏணி பயம். தண்ணீர் ஊற்றும் வேலை அத்தைக்கு வந்தது.

முதல் நாள் காலையில் அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நான் குடத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, "வா அத்தை, ஜல்தி, வெயில் வந்துடும்" என்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஏணியில் ஏறினாள். தெருவில் இருப்பதிலேயே உயரமான இடத்தில் இப்போது அவள்தான் இருந்தாள்.

எதிர்வீட்டுக்காரம்மா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குடம் நிரம்பி வழிந்தது.

"இன்னா பாப்பா, ரெஸ்ட்டெல்லாம் ஆச்சா? ஊருக்கு எப்ப போற?"

அத்தை சாக்கின் மேல் தண்ணீரைச் சாய்த்து முடித்தாள். காலிக் குடத்தை என்னிடம் கொடுத்தாள். பிறகு ஏணியிலிருந்தபடியே, தெரு முழுவதும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"ஊருக்குப் போவலக்கா. இனிமே இங்கதான் இருக்கப் போறேன்."

எதிர்வீட்டுக்காரம்மா குழாயை மூடினார். ஏதாவது கேட்பார் என்று அம்மா உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவரோ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அப்ப நல்லதாப் போச்சி. நீ நல்லா தைப்பன்னு உங்க அண்ணி சொல்லிக்கினு இருந்தாங்க. எனக்கு ரெண்டு ரவிக்கை கெடக்குது" என்றார்.

அந்த இரண்டு ரவிக்கைகளை நான் இன்றுவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அந்த அம்மா வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்த கேள்விகள் அவரிடமும் இருந்திருக்கும். ஆனால் துணிதான் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அவர் மகளின் பாவாடை வந்தது, பக்கத்துத் தெருவிலிருந்து திருமண ரவிக்கைகள் வந்தன. அப்பா தையல் எந்திரம் வாங்கிக்கொடுத்தார். அதைக் காலையில் குடைக்குக் கீழே எடுத்துப்போய் வைப்பதும், பொழுது சாய்ந்தால் உள்ளே கொண்டுவருவதும் எங்கள் வீட்டின் வழக்கமாயின. என் கல்லூரிக் கட்டணம் பாதி அந்த நிழலில் தைத்தது. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை.

தண்ணீர் ஊற்றி முடிந்து, சாக்குகளை எடுத்து, சாயம் பூசினோம். சிவப்பு அப்பா பூசியது. வெள்ளைப் பொட்டுகள் அத்தை வைத்தவை. தண்டை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு மேடையை அப்பாவே கட்டினார். அத்தையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கால் தரையில் நன்றாகப் பதிகிறதா என்று பார்த்து அந்த உயரத்துக்குக் கட்டினார். தெருவைப் பார்த்த பக்கமாகவே கட்டினார்.

சாய வாசனை போவதற்குள் விழுப்புரத்திலிருந்து அந்த இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள்.

பகல் சாப்பாடு முடிந்த நேரம். அத்தையும் நானும் குடைக்குக் கீழே உட்கார்ந்து பெரியப்பா கொண்டுவந்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தோம். தொலி தரையில், உள்ளிருக்கும் பயிறு முறத்தில். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை, ரோஜாவுக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். தெருமுனையில் வெள்ளை வேட்டியைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. "அத்தை, ஆளு!" என்றேன். அவள் எழவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "பாத்தேன் கண்ணு" என்றாள். ஆட்டத்தில் தோற்கப்போகிறாளே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

அவர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். குடையைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே அத்தையைப் பார்த்தார்கள். எதை முதலில் பேசுவது என்று தெரியாமல் மாமாவின் அண்ணன், "கொடையெல்லாம் பலமா இருக்குது" என்றார். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

"இங்கியே பேசலாம்ண்ணா" என்றாள் அத்தை.

"ரோட்டுல இன்னாம்மா பேச்சு? உள்ள போயி உக்காந்து நெதானமாப் பேசலாம்" என்றார் மீசைக்காரர்.

"இது ரோடு இல்லீங்க. எங்க வூட்டுத் தோட்டம். சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

எங்கள் மேடையில் இருவருக்குத்தான் இடம். அங்கே நானும் அத்தையும் இருந்தோம். அவர்கள் நின்ற இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு என் கடமை ஞாபகம் வந்தது. நாற்காலி கொண்டுவர எழுந்து வீட்டுக்குள் ஓடினேன். படியருகில் அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நாக்காலிப்பா" என்றேன்.

"வேணாம், இங்கியே நில்லு" என்றார் மெதுவாக. கையை எடுக்கவில்லை.

மாமாவின் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூடத்தில் பேசிய தணிந்த குரல் இங்கே உதவவில்லை. சற்று உரக்கவே பேசவேண்டியிருந்தது. "அவன் செஞ்சது தப்புதாம்மா. நான் இல்லேங்கல. அதுக்காக நீ இங்க வந்து இப்பிடியே இருந்துட முடியுமா? அந்தப் பொண்ணு உன்னைய அக்கான்னுதான் சொல்லுது. நீ மூத்தவளா இருந்துக்கினு, அனுசரிச்சிக்கினு..."

எதிரே குழாயடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். மாமாவின் அண்ணன் அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். அத்தை இறக்கவில்லை.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. அது நல்லா இருக்கட்டும். அவரும் நல்லா இருக்கட்டும். நான் வர்ல. இதைச் சொல்லத்தான் போன தடவையே ஆசப்பட்டேன். அப்ப கதவுக்குப் பின்னாடி நின்னதுல வாய் வர்ல."

சொல்லிவிட்டு ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். மீசைக்காரர் அப்பாவைப் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். பொம்பளப் புள்ள பேசறத வச்சி..."

"அதான் சொல்லிடிச்சே" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். நிற்க நிற்க வெயில் உறைத்தது. பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்கள். அம்மா காபி தம்ளர்களோடு வாசலுக்கு வந்தபோது அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். சைக்கிள்காரர் ஏறி மிதித்தார். குழாயடிப் பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள்.

நான் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் வேகவேகமாக உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால், பயிறு தரையில் கிடந்தது, தொலி முறத்தில் இருந்தது.

"அத்தை, மாத்திப் போடற" என்றேன்.

அத்தை முறத்தைப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அப்பா வந்து எங்கள் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பயிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போடத் தொடங்கினார். அம்மா காபியை அத்தையிடம் ஒன்றும் அப்பாவிடம் ஒன்றுமாகக் கொடுத்தாள். அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதியான ஒரு மதியத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றுவிட்டுப் போனது பெரிய அவமானமாக இருந்தது. அப்பாவிடம் முறையிட்டேன்.

"நீதாம்பா நாக்காலி போட வுடல. போட்டிருந்தா அவங்க நல்லா உக்காந்து, காபி குடிச்சி, சாயங்காலம் வரைக்கும் பேசிக்கினு இருந்திருப்பாங்க இல்ல?"

"ஆமா கண்ணு, இருந்திருப்பாங்க" என்றார் அப்பா. அடுத்த தடவை யார் வந்தாலும் நானே நாற்காலி போடலாம் என்று வாக்கும் கொடுத்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.